நாற்பதுக்கு மேல் ஐஸ் ஹாக்கி லீக்கில் சேரலாமா?

கேள்வி: மிசிசாகாவில் இருக்கிறேன், வயது 41. மகன் சிறுவர் ஹவுஸ் லீக்கில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அவனோடு போய் வந்ததில் போன குளிர்காலத்தில் நானும் ஸ்கேட் செய்யப் பழகினேன். விழாமல் முன்னால் போய்விடுவேன், ஆனால் நிற்க வராது. அலுவலக நண்பர் ஒருவர் தன் லீக் அணியில் ஆள் குறைகிறது, வந்து சேருங்கள் என்கிறார். ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியதோடு சரி. லேசான ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். சேரலாமா? எவ்வளவு செலவாகும்? அடிபடுமா?

பதில்:

தாராளமாகச் சேரலாம். ஆனால் அந்த அணியில், இந்த சீசனில் வேண்டாம்.

வயது இதில் ஒரு தடையே இல்லை. கனடாவில் நாற்பதுக்கு மேல் முதன்முதலாக ஸ்கேட் கட்டி ஆட வந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அறுபது தாண்டியவர்களுக்கென்றே தனி ஆட்டங்கள் நடக்கின்றன. ஒட்டாவாவில் இருந்து இயங்கும் கார்ஹா என்ற அமைப்பு பொழுதுபோக்காக ஆடும் பெரியவர்களுக்காகவே இருக்கிறது. அவர்கள் நடத்தும் உலகக் கோப்பையில் வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது தரத்தை. நண்பரிடம் முதலில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் அணி எந்த டிவிஷன்?

இந்த லீக்குகள் தரம் பிரித்தே நடக்கும். மேல் டிவிஷனில் ஜூனியர், பல்கலைக்கழக அளவில் ஆடி முடித்தவர்கள் இருப்பார்கள். நடுவில் இருப்பவர்கள் சிறுவயதில் ஆடி, நடுவே விட்டு, மறுபடி வந்தவர்கள். கடைசி டிவிஷனில்தான் பெரியவர்களான பிறகு கற்றுக்கொண்டவர்களைப் பார்க்கலாம். பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஏ, பி, சி, டி என்றும் இருக்கும், எண்ணாகவும் இருக்கும். ஓரிடத்து 'சி' இன்னோர் இடத்தில் 'டி'யாக இருக்கலாம் என்பதால், சேரும் முன் அந்த டிவிஷனின் ஓர் ஆட்டத்தை நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) வாங்கிக் கொடுத்தால் அது உங்களுக்கான இடமில்லை. கோட்டைத் தாண்டும்போது தடுமாறுகிறவர்கள், பக் காலடியில் வந்ததும் குனிந்து தேடுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அங்கே தைரியமாக இறங்கலாம்.

நிற்க வராதவர் நடு டிவிஷனில் இறங்கினால் அவருக்கும் ஆபத்து, எதிரில் வருபவருக்கும் ஆபத்து. நான் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பொழுதுபோக்கு லீக்குகளில் உடம்பால் மோதித் தள்ளுவதற்கு அனுமதி கிடையாது. அதனால் 'அடிபடாது' என்ற நம்பிக்கையில் எல்லோரும் கொஞ்சம் தளர்வாகத்தான் ஆடுவார்கள். அங்கே நடக்கும் பெரிய மோதல்களில் பல, வேண்டுமென்றே செய்பவை அல்ல. வேகமாக வந்தவருக்கு நிறுத்த முடியாமல் போவதால் நடப்பவை. கடைசி டிவிஷனில் எல்லோருமே மெதுவாகப் போவதால் தப்பு நடந்தாலும் அடி பெரிதாக இருக்காது.

ஆகவே இந்தக் குளிர்காலம் முழுவதும் உங்களுக்கு ஒரே வேலைதான், நிற்கக் கற்றுக்கொள்வது. அதுவும் இரண்டு பக்கமும். எல்லோருக்கும் ஒரு பக்கம் சீக்கிரம் வந்துவிடும், மறுபக்கம் வரவே வராது போலிருக்கும். வசதியான பக்கத்தை மட்டும் நம்பி ஆட்டத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் தேவையில்லாத ஒரு வளைவு அடித்துத்தான் திரும்புவார்கள். முதலில் இரண்டு பாதத்தின் முன்பகுதியையும் உள்நோக்கித் திருப்பி, குதிகாலை வெளியே தள்ளி, ஐஸைச் சீவி நிற்பதைப் பழகுங்கள். அது கைவந்ததும் பக்கவாட்டில் திரும்பி நிற்பது. முழங்காலை நன்றாக மடக்கி உட்கார்ந்த வாக்கில் போய், ஒரு கணம் உடம்பை லேசாக மேலே எழுப்பி, அந்த இடைவெளியில் இடுப்பைத் திருப்பி, மறுபடி அழுத்தி உட்கார வேண்டும். மேலே எழும்பாமல் திருப்பப் பார்த்தால் பிளேடு ஐஸைக் கவ்விக்கொண்டு உங்களைத் தூக்கி எறிந்துவிடும். பெரும்பாலானவர்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஸ்கேட்டின் கூர்மையும் ஒரு காரணம். பலருக்கு யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்கேட் பிளேடின் அடிப்பாகம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாட்டில் ஒரு குழிவு தீட்டியிருப்பார்கள். அதனால் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று ஒரே பிளேடில் இரண்டு விளிம்புகள் கிடைக்கின்றன. குழிவு ஆழமானால் விளிம்பு ஐஸை இறுகப் பிடிக்கும், திரும்புவது சுலபம், ஆனால் நிற்பது கஷ்டம். குழிவு குறைந்தால் வழுக்கி நிற்க வசதி. கடையில் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் பெரும்பாலும் அரை அங்குல ஆரத்தில் தீட்டிக் கொடுப்பார்கள். பெரிய உடம்புக்காரர்கள், நிற்கப் பழகுகிறவர்கள் 5/8 அங்குலம் கேட்டு வாங்குங்கள். ஆரம் கூடினால் குழிவு குறையும். வாங்கியதும் விரல் நகத்தின் முதுகை விளிம்பில் குறுக்காக லேசாகத் தேயுங்கள். இரு விளிம்பும் நகத்தை ஒரே மாதிரி சுரண்ட வேண்டும். ஒன்று சுரண்டி மற்றது வழுக்கினால் தீட்டியது கோணல், திருப்பிக் கொடுங்கள். கோணலான ஸ்கேட்டில் எவ்வளவு பழகினாலும் ஒரு பக்கம் நிற்க வராது. ஆடி முடித்ததும் பிளேடைத் துடைத்து, துணி உறை போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் உறையோடு அப்படியே பைக்குள் போட்டால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

அளவும் முக்கியம். ஹாக்கி ஸ்கேட் உங்கள் ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை எண் சிறியதாகத்தான் வரும். நேராக நின்றால் விரல் நுனி லேசாக முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் அசையவே கூடாது. வளர்கிற பிள்ளைக்கு வாங்குவதுபோல் ஒரு சைஸ் பெரிதாக வாங்கித் தடித்த சாக்ஸ் போடாதீர்கள். கணுக்கால் ஆடும், பிறகு உங்களுக்குக் கணுக்காலில் பலமே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பழக இடத்துக்குப் பஞ்சமில்லை. மிசிசாகா செலபிரேஷன் சதுக்கத்தில் குளிர்காலத்தில் திறந்தவெளித் தளம் உண்டு. நகராட்சி அரீனாக்களில் பொது ஸ்கேட்டிங் நேரம் இருக்கும். கூட்டம் குறைந்த வார நாள் பகலோ மதிய இடைவேளையோ கிடைத்தால் விடாதீர்கள். கூடவே பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேருங்கள். ஸ்கேட்டிங் மட்டும் சொல்லித்தரும் வகுப்பும் இருக்கிறது, முழு உடையோடு ஹாக்கி சொல்லித்தரும் வகுப்பும் இருக்கிறது. என் அபிப்பிராயம், இரண்டாவதே உங்களுக்குச் சரி. முழு உடை போட்டால் விழப் பயமிருக்காது. விழப் பயமில்லாதவர்தான் முழங்காலை மடக்குவார், முழங்காலை மடக்கியவருக்குத்தான் ஸ்கேட்டிங் வரும். அந்த வகுப்பு முடியும்போது கூடப் படித்தவர்களே சேர்ந்து ஓர் அணியாகக் கடைசி டிவிஷனில் பதிவு செய்துகொள்வது இங்கே அடிக்கடி நடக்கிறது. ஒரே தரத்தில் இருப்பவர்களோடு தொடங்குவதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

உடைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டாம். முழங்கால் காப்பு, முழங்கைக் காப்பு, தோள் காப்பு, ஹாக்கி பேன்ட், கையுறை எல்லாம் பழைய விளையாட்டுப் பொருள் கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கும். அப்படி வாங்கினால் 300, 400 டாலருக்குள் அடங்கப் பார்க்கலாம். புதிதென்றால் 1,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். ஆனால் தலைக்கவசம், இடுப்புக்குக் கீழே போடும் கப், வாய்க்காப்பு மூன்றும் புதிதாகவே இருக்கட்டும். தலைக்கவசத்தில் கனடியத் தரச்சான்றான சிஎஸ்ஏ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கவசம் ஏற்கெனவே எத்தனை அடி வாங்கியது என்று வெளியே பார்த்தால் தெரியாது.

முகத்துக்குப் பாதி மறைக்கும் கண்ணாடியா, முழுக் கம்பிவலையா என்று கேட்டால் யோசிக்காமல் கம்பிவலை. பக் என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள, 160 கிராம் வாக்கில் எடையுள்ள கெட்டி ரப்பர். அதைவிட அதிகமாக முகத்தைப் பதம் பார்ப்பது பக்கத்தில் இருப்பவருடைய ஸ்டிக். அவசர சிகிச்சைக்கு ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் இருக்கிறது, ஆனால் பல் மருத்துவரிடம் உடைந்த பல்லைக் கட்டும் செலவு பொதுவாக அதில் வராது. பிசியோதெரபியும் பெரும்பாலும் உங்கள் பாக்கெட்டில் இருந்தோ அலுவலகக் காப்பீட்டில் இருந்தோதான். அலுவலகக் காப்பீட்டில் என்னென்ன வருகிறது என்பதை இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள். பதிவின்போது கையெழுத்து வாங்கும் பொறுப்புத் துறப்புப் படிவத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கழுத்துக் காப்பு போடுங்கள். பெரியவர்கள் லீக்கில் பலர் போடுவதில்லை, 'பழகினவனுக்கு எதற்கு' என்பார்கள். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் நாட்டிங்ஹாம் பாந்தர்ஸ் அணியின் ஆடம் ஜான்சன், எதிரணி வீரரின் ஸ்கேட் கழுத்தில் வெட்டியதால் இறந்துபோனார். அவர் வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் வரை ஆடியவர், வயது 29. அதன் பிறகு சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு தன் போட்டிகளில் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. வெட்டுத் தாங்கும் துணியில் செய்த கழுத்துப்பட்டியும் மணிக்கட்டுப் பட்டையும் விலை அதிகமில்லை. போட்ட ஐந்து நிமிடத்தில் இருப்பதே மறந்துவிடும்.

ஸ்டிக் வாங்கும்போது இடதா வலதா என்று கேட்பார்கள். கனடாவில் வலக்கைப் பழக்கம் உள்ளவர்களிலேயே நிறையப் பேர் இடப்பக்கம்தான் ஆடுவார்கள். பலமான கை ஸ்டிக்கின் மேல்நுனியில் இருந்தால் கட்டுப்பாடு நன்றாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் வலக்கை பேட்ஸ்மேன் என்றால் இடக்கை மேலே, வலக்கை கீழே பிடித்தே பழகியிருப்பீர்கள். ஹாக்கியில் அது வலப்பக்க ஸ்டிக். கடையில் இரண்டையும் பிடித்து, தரையில் பக்கைத் தள்ளுவதுபோல் செய்து பாருங்கள், கை தானாகச் சொல்லும். வளைவுத்தன்மைக்கு ஃப்ளெக்ஸ் என்ற எண் இருக்கும். பவுண்டில் உங்கள் எடையில் பாதி என்பது ஒரு தோராயக் கணக்கு. ஆரம்பத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக வாங்குவது நல்லது. 300 டாலர் ஸ்டிக் இப்போதைக்கு உங்களுக்கு எதையும் செய்துவிடாது.

ஆட்டத்தின் அடிப்படை மகன் ஆடுவதைப் பார்த்தே ஓரளவு தெரிந்திருக்கும். கோல் காக்கும் கோலியைச் சேர்த்து ஆறு பேர், 200 அடி நீளம், 85 அடி அகலத் தளம். அணியில் ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பேர் முதல் பதினைந்து பேர் வரை வருவார்கள். பெரியவர்கள் லீக்கில் நேரம் பெரும்பாலும் நிற்காமல் ஓடும், விசிலடித்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அரீனாவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதால் அப்படி. ஐஸைச் சீர்செய்யும் ஜாம்போனி வண்டிக்கும் அந்த ஒரு மணிக்குள்ளேதான் நேரம் ஒதுக்க வேண்டும். ஸ்டிக்கை ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட்டுக்குப் பல கீழ் டிவிஷன்களில் தடை உண்டு. சண்டை போட்டால் வெளியேற்றுவார்கள், அடுத்தடுத்த ஆட்டங்களுக்கும் தடை வரும். டொராண்டோ வட்டாரத்தில் கான்லான் நிறுவனம் நடத்தும் பெரிய லீக்குக்கு 'அடல்ட் சேஃப் ஹாக்கி லீக்' என்றே பெயர். நாளைக்குக் காலையில் எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில்தான் விதிகளே இருக்கின்றன.

ஆஃப்சைடு, ஐசிங் இரண்டும் தெரிந்தால் முதல் சீசனுக்குப் போதும். எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டை பக் தாண்டும் முன் உங்கள் இரண்டு ஸ்கேட்டும் முழுக்கத் தாண்டியிருந்தால் ஆஃப்சைடு. நடுச் சிவப்புக் கோட்டுக்கு உங்கள் பக்கம் இருந்து அடித்த பக் யார் மேலும் படாமல் எதிரணி கோல்கோட்டையும் தாண்டிவிட்டால் ஐசிங், ஆட்டம் மறுபடி உங்கள் கோலுக்குப் பக்கத்தில் தொடங்கும்.

புதிதாக வருபவரை விங்கில்தான், அதாவது முன்வரிசையின் ஓரத்தில்தான், நிறுத்துவார்கள். அங்கே நிற்கிறவருக்கு எல்லோரும் 'மேலே போ, கோல் அடி' என்று சொல்வார்கள். அதைவிட முக்கியமான வேலை நம் பக்கம் பக் இருக்கும்போது. எதிரணியின் தடுப்பாட்டக்காரர் நம் நீலக்கோட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார், அவரைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பக்கைத் துரத்திக்கொண்டு கோல் முன்னால் கூடும் கூட்டத்தில் நீங்களும் போய்ச் சேராதீர்கள். நம் டிஃபென்ஸ் ஆள் கோலுக்குப் பின்னால் பக்கை எடுத்ததும் நீங்கள் தளத்தைச் சுற்றியுள்ள ஓரப் பலகைக்குப் போய், ஃபேஸ்ஆஃப் வட்டத்தின் (ஆட்டத்தை மறுபடி தொடங்கும் வட்டம்) பக்கவாட்டுக் கோடுகள் இருக்கும் இடத்தில், முதுகைப் பலகைக்குக் கொடுத்து, ஸ்டிக்கின் பிளேடை ஐஸில் வைத்து நில்லுங்கள். பக் உங்களிடம் வரும். உள்ளே, நடுவில் ஆடும் சென்டர் யாரும் மறிக்காமல் வந்தால் அவருக்குக் கொடுங்கள். யாராவது உங்கள் மேல் பாய்ந்து வந்தால் யோசிக்க வேண்டாம், பலகையில் பட்டு நீலக்கோட்டைத் தாண்டும்படி தட்டிவிடுங்கள். நம் கோலுக்கு முன்னால் குறுக்கே மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். இந்த ஒரு வேலையைத் தவறாமல் செய்கிறவருக்கு ஒரு கோல்கூட அடிக்காமலே அடுத்த சீசனுக்கு அழைப்பு வந்துவிடும்.

ஓரப் பலகை பற்றி ஓர் எச்சரிக்கை. பலகையில் ஒட்டி நின்றால் தள்ளுபட்டாலும் பெரிய அடியில்லை. மூன்று, நாலு அடி தள்ளி நின்று, தலையைக் குனிந்து பக்கைத் தேடும்போது பின்னால் இருந்து மோதப்பட்டால் தலை நேராகப் பலகையில் போய் முட்டும். பல சிறுவர் அணிகளின் சட்டை முதுகில் 'ஸ்டாப்' என்று ஒரு வில்லை தைத்திருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். பின்னாலிருந்து மோதாதே என்பதற்கான நினைவூட்டல் அது. உங்கள் சட்டையில் அது இருக்காது. ஆகவே பலகையை நோக்கிப் போகும்போது தலை நிமிர்ந்தே இருக்கட்டும், தோளைப் பக்கவாட்டில் கொடுத்து இறங்குங்கள்.

இப்போது ரத்த அழுத்தம். உங்கள் கேள்வியில் நான் நின்று படித்தது இந்த வரியைத்தான். கிங்ஸ்டனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொழுதுபோக்காக ஐஸ் ஹாக்கி ஆடும் 113 ஆண்களுக்கு ஆட்டத்தின்போதே இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி மாட்டிப் பார்த்தார்கள். முடிவு 2002இல் கனடிய மருத்துவக் கழக இதழில் வந்தது. உடற்பயிற்சியில் எட்டலாம் என்று பரிந்துரைக்கும் துடிப்பின் மேல் எல்லையை எல்லோருமே தாண்டியிருந்தார்கள். வயதை வைத்துக் கணக்கிடும் உச்ச அளவையே பெரும்பாலோர் தாண்டியிருந்தார்கள். இந்த விளையாட்டின் அமைப்பு அப்படி. ஒரு நிமிடம் முழு மூச்சில் ஓட்டம், பிறகு பெஞ்சில் அசையாமல் உட்காருதல், மறுபடி ஓட்டம். அதுவும் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பு, இரவு பத்தரை மணிக்கு, குளிரில்.

ஆகவே முதல் வகுப்புக்குப் போகும் முன்னால் குடும்ப மருத்துவரிடம் போய், 'உடற்பயிற்சி செய்யலாமா' என்று பொதுவாகக் கேட்காமல், 'ஐஸ் ஹாக்கி ஆடப் போகிறேன், இடைவிட்டு உச்ச வேகத்தில் ஓடுவது, டிரெட்மில் சோதனை தேவையா' என்று விவரமாகக் கேளுங்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை இதயத்துடிப்பையே அடக்கிவைக்கும், அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை வைத்து உடம்பை எடைபோட முடியாது. ஆடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடத்தோளிலோ வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு எது வந்தாலும் உடனே வெளியே வந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி 911 அழைக்கச் செய்யுங்கள். 'ஆட்டம் முடியட்டும்' என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், டிரெஸ்ஸிங் ரூமுக்குத் தனியாகவும் போக வேண்டாம்.

அரீனாவுக்குள் நுழைந்ததும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அதைப் பயன்படுத்த மருத்துவப் பயிற்சி தேவையில்லை, கருவியே பேசி வழிகாட்டும். நல்லெண்ணத்தில் பயன்படுத்துகிறவரை வழக்கிலிருந்து காக்க ஒன்டாரியோவில் 2007இல் சட்டமே வந்தது. பாரி நகரைச் சேர்ந்த, சிறுவர் ஹாக்கி ஆட்டக்காரனான சேஸ் மெக்கீச்சர்ன் என்ற 11 வயதுச் சிறுவன் இதயக் கோளாறால் இறந்தான். பள்ளிகளிலும் அரீனாக்களிலும் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று கேட்டவன் அவன். சட்டத்துக்கு அவன் பெயரையே வைத்தார்கள்.

இதயத்துக்கும் அணிக்கும் ஒரே மருந்து, சின்ன ஷிஃப்ட். இறங்கி நாற்பத்தைந்து விநாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம், உடனே பெஞ்சுக்குத் திரும்பிவிட வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு தடவை ஓடலாம் என்று தோன்றும்போதே திரும்புங்கள். முழுக்கக் களைத்த பிறகு திரும்ப நினைத்தால் அப்போது பக் நம் கோலுக்கு முன்னால் இருக்கும், விட்டுவிட்டு வரவும் முடியாது. பக் எதிரணிப் பக்கம் போகும் தருணம்தான் மாறுவதற்குரிய நேரம். நாற்பது வயதில் சேர்ந்து பத்து வருடம் ஒரே அணியில் நீடிப்பவர்களைப் பார்த்தால் அவர்களிடம் பெரிய திறமை எதுவும் இருக்காது. சீக்கிரம் திரும்புவார்கள், வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்வார்கள், பணத்தைக் கேட்க வைக்க மாட்டார்கள். வேகமாக ஸ்கேட் செய்து, மூன்று நிமிடம் தளத்தைவிட்டு இறங்காத ஆளை யாருக்கும் பிடிக்காது. அவர் கோல் அடித்தாலும் பிடிக்காது.

பணத்தைப் பற்றி. அரீனா வாடகை, இரண்டு நடுவர், நேரக் காப்பாளர் என்று எல்லாம் சேர்த்து அணிக்கு ஒரு தொகை சொல்வார்கள், அதை ஆட்களால் வகுப்பார்கள். டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் ஒரு குளிர்கால சீசனுக்கு ஓர் ஆளுக்குப் பல நூறு டாலர் வரும். கேப்டன் தன் கிரெடிட் கார்டில் முன்பணம் கட்டிவிட்டுத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருப்பார். முதல் ஆளாகக் கொடுத்துவிடுங்கள். கோலிக்கு மட்டும் பல அணிகளில் கட்டணம் வாங்க மாட்டார்கள். அவர்களுடைய உடைச் செலவே ஆயிரக்கணக்கில், ஆளும் கிடைப்பதில்லை. கோலி வரவில்லை என்றால் செயலியில் தேடிக் காசு கொடுத்து வரவழைப்பதும் இங்கே சகஜம். ஆட்டத்துக்கு முன் பழகும்போது கோலியின் தலைக்கு நேராக அடிக்காதீர்கள், எந்த அணியிலும் இது எழுதாத சட்டம்.

இப்படிப் பொழுதுபோக்காக ஆடிக்கொண்டிருந்த கோலி ஒருவர் டொராண்டோவில் என்ஹெச்எல் ஆட்டத்தில் இறங்கி வென்றிருக்கிறார். 2020 பிப்ரவரி 22 அன்று டொராண்டோவின் சொந்த அணியான மேப்பிள் லீஃப்ஸுக்கு எதிராக ஆடிய கரோலினா ஹரிகேன்ஸ் அணியின் இரண்டு கோலிகளும் காயம்பட்டுப் போனார்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அரங்கில் உட்கார்ந்திருந்த டேவிட் ஏர்ஸை இறக்கினார்கள். வயது 42. பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்து ஐஸ் தளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர், ஜாம்போனியும் ஓட்டியவர். 2004இல் அம்மாவிடம் இருந்து சிறுநீரகம் பெற்றவர். வந்ததும் முதல் இரண்டு ஷாட்டும் கோலாகிப் போயின. அதன் பிறகு வந்த எட்டையும் தடுத்தார், கரோலினா 6–3 என்று வென்றது. நீங்கள் அங்கே போய்விடுவீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த ஊரில் வேலை முடிந்து இரவில் ஆடுகிற பெரியவர்களை ஏன் யாரும் சிறியதாக நினைப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் டிரெஸ்ஸிங் ரூமில் அரை மணி உட்கார்ந்து பேசுவார்கள். இந்த லீக்குகளுக்கு 'பியர் லீக்' என்ற செல்லப் பெயரே அதனால் வந்ததுதான், ஆனால் நகராட்சி அரீனாக்களின் அறைக்குள் மது குடிக்கப் பொதுவாக அனுமதியில்லை, பலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். குடிக்காதவர் என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் அந்த அரை மணியைத் தவறவிடாதீர்கள். வேலை மாற்றம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் என்று எல்லாமே அங்கே பேசப்படும். குடியேறி வந்தவர்களுக்கு அலுவலகத்துக்கு வெளியே, நம் ஆட்கள் வட்டத்துக்கும் வெளியே, வாரம் தவறாமல் அதே முகங்களைப் பார்க்கும் இடம் எளிதில் அமையாது. எனக்கு இந்த விளையாட்டு கொடுத்ததில் பெரியது அதுதான். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து எல்லாவற்றையும் காயப் போடுங்கள், எவ்வளவு தூக்கமாக இருந்தாலும். ஈரத்தோடு மூடிவைத்தால் நாற்றம் மட்டுமில்லை, தோலில் தொற்றும் வரும்.

நண்பருக்கு இப்போதைக்கு இப்படிச் சொல்லுங்கள்: இந்த சீசனில் அணிக்கு வரவில்லை, ஆனால் நீங்கள் ஷின்னி ஆடப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள். ஷின்னியில் கணக்கில்லை, நடுவர் இல்லை, வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து ஆடுவது. தலைக்கவசம், கையுறையோடு போய், தொடக்கநிலை என்று குறிப்பிட்டிருக்கும் நேரமாகப் பார்த்து இறங்குங்கள். குளிர்காலம் முடிவதற்குள் இரு பக்கமும் நிற்க வந்துவிட்டால், வசந்தத்தில் தொடங்கும் கோடை சீசனுக்குத் தனி ஆளாகப் பதிவு செய்யுங்கள். பல லீக்குகள் தனியாக வருகிறவர்களைச் சேர்த்து அணி அமைத்துத் தரும். படிவத்தில் தரம் கேட்கும் இடத்தில் கூச்சப்படாமல் கடைசிக் கட்டத்தையே குறியுங்கள்.